அகராதிக்கும் சாதி உண்டு

"கதை எழுதுகிறவர்களுக்கும் எடிட்டர்களுக்கும் பயனுள்ள இணையதளங்கள்" என்று ஒரு பட்டியல் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து நூலகம், இன்டர்நெட் ஆர்கைவ், விக்சனரி, கூடவே எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள். யாராவது ஒருவர் "பொக்கிஷம்" என்று போடுவார். நாமும் ஒரு கும்பிடு போட்டுச் சேமித்து வைத்துக்கொள்வோம்.

இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நூறு ரூபாய்க்குப் புத்தகம் வாங்கக் கணக்குப் பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கும் அகராதி பெரிய விஷயம். என் சண்டை வேறு. இந்தத் தளங்களைத் தராசு மாதிரி கைமாற்றுகிறார்கள். யார் நிறுத்தாலும் ஒரே எடை காட்டும், சாதி தெரியாத கருவி என்கிறார்கள். அது பொய். அகராதி, மாவட்டக் கையேடு, இனவரைவியல் தொகுதி, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாமே சாட்சிகள். சாட்சி எங்கே நின்று பார்த்தான், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினான் என்று கேட்காமல் சாட்சியத்தை ஏற்பது வக்கீலுக்கு அழகில்லை. எழுத்தாளருக்கும் அழகில்லை.

சோதித்துப் பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் நம் தோல் பட்டையை வைத்து ஒருவர் நாவல் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கிறார். ஆம்பூரில் அவருக்குத் தெரிந்தது பிரியாணி மட்டும்தான். பட்டியலைத் திறக்கிறார்.

முதலில் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் ஓர் இணைப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். மகத்தான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? இலக்கியங்களிலிருந்து, நிகண்டுகளிலிருந்து, வின்சுலோ போன்ற மிஷனரிகள் முன்பே தொகுத்த அகராதிகளிலிருந்து, படித்தவர்கள் அனுப்பிய குறிப்புகளிலிருந்து. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவரின் வாயிலிருந்து வரவில்லை. ஆகவே தோலுக்குச் செய்யுள் வழக்கில் எத்தனை பெயர் உண்டு என்று லெக்சிகன் சொல்லும். ஊறப்போட்ட தோலை வெளியே இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவனை எப்படி எச்சரிப்பார்கள் என்று சொல்லாது. "தோல் ஷாப்பு" என்பது இங்கே மூன்று தலைமுறை புழங்கிய சொல். நாவலாசிரியர் அதை அகராதியில் தேடிவிட்டு "தோல் பதனிடும் தொழிற்சாலை" என்று எழுதுவார். ஆம்பூரில் எந்த அம்மாவும் "உங்கப்பா தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் போயிருக்காரு" என்று பிள்ளையிடம் சொன்னதில்லை.

அடுத்தது தர்ஸ்டன். 1909இல் வெளிவந்த "தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்". சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கருவியை வைத்து மனிதர்களின் மூக்கை அளந்தவர். இன்றும் நாவலாசிரியர்கள் சடங்கு, பழக்கவழக்கம் எல்லாவற்றுக்கும் முதலில் ஓடுவது அவரிடம்தான். தோல் வேலை என்று தேடினால் அவர் உங்களைச் சக்கிலியர் என்ற தலைப்புக்கு அனுப்பிவைப்பார். ஒரு சாதிக்கு ஒரு தொழில், கணக்கு முடிந்தது. ஆம்பூர்ப் பக்கத் தோல் ஷாப்புகளில் வேலை செய்த தலித்துகளில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள், பறையர்கள். அவர்களோடு ஏழை முஸ்லிம்கள். வயல் கூலியாக இருந்தவர்களை ஆலைக்கூலி ஆக்கிய வரலாறு அது. குலத்தொழில் கதை அங்கே பொருந்தாது. தர்ஸ்டனை நம்பி எழுதினால், "பரம்பரை பரம்பரையாகத் தோல் தொழில் செய்துவந்த" என்று ஒரு வரி வந்து விழும். அந்த ஒரே வரியில் முதலாளி, ஏற்றுமதி, கடன், நிலமின்மை எல்லாம் காணாமல் போய்விடும். பிறப்புதான் அவர்களைத் தொட்டிக்குள் இறக்கியது என்றாகிவிடும். சாதியைக் கண்டிக்கும் நோக்கத்தோடு எழுதும் நாவலே சாதியின் பொய்யை அச்சிட்டுத் தரும்.

மூன்றாவது, வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு. காக்ஸ் 1881இல் தொகுத்தது, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி விரித்தது. வரி வாங்க வந்தவனின் கண் அது. ஏரி, நிலம், விளைச்சல் எல்லாம் இருக்கும். சேரி எப்படித் தெரியும் என்றால், கூலியாட்கள் கிடைக்கும் இடமாகத் தெரியும்.

நான்காவது, தீர்ப்பு. இந்தியன் கானூன் தளத்தில் "வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்" என்று தேடுங்கள். 1996 ஆகஸ்ட் 28. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எவரும் தாண்டிப்போக முடியாத தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. தோல் பதனிடலில் பயன்படும் 170 வகை வேதிப்பொருட்களைப் பற்றியும், பகுதியாகவோ முழுதாகவோ பாழான சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலத்தைப் பற்றியும் அதில் படிக்கலாம். ஈட்டுத்தொகை, கண்காணிப்பு எல்லாம் இழுத்துக்கொண்டே போய், 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நாவலாசிரியருக்கு இதைவிடச் செழிப்பான ஆவணம் கிடைக்காது. ஆனால் அந்த வழக்கு நிலத்துக்கும் நீருக்கும் ஆனது. வயலும் கிணறும் வைத்திருந்தவருக்கு என்ன நஷ்டம் என்று அது கேட்டது. அதே ரசாயனத்தில் கையையும் காலையும் நனைத்துக்கொண்டு நின்றவரின் தோலுக்கு என்ன ஆனது என்ற கேள்வி அந்த வழக்கின் கேள்வி அல்ல. நிலமே இல்லாதவருக்கு நில நஷ்ட ஈடு எப்படி வரும்?

ஐந்தாவது, பத்திரிகை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "விபத்து" என்று தேடினால் அந்தச் செய்தி கிடைக்கும். "கொலை" என்று தேடினால் கிடைக்காது. தேடுபொறிக்குத் தலைப்பு வைத்தவன் யாரோ, அவன் சொல்லில்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

ஆக ஐந்து மூலங்களையும் நேர்மையாகப் படித்து முடித்த நம் நாவலாசிரியர் கையில் செய்யுள் இருக்கிறது, மூக்களவு இருக்கிறது, வரிக்கணக்கு இருக்கிறது, ஆறு இருக்கிறது, விபத்து இருக்கிறது. தொழிலாளி இல்லை. அந்த ஓட்டையை அவர் எதை வைத்து அடைப்பார்? தன் வீட்டில் கேட்டு வளர்ந்ததை வைத்துத்தான். நாற்றம், குடி, கத்தல், பிறகு கருணை. நம்மைப் பற்றிய முக்கால்வாசிக் கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இனி எடிட்டர்களிடம் வருவோம். நம் பிள்ளைகள் இப்போது எழுதுகிறார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மாவின் மகள் கதை எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறாள். பஃபிங், டாகிளிங், வெட் புளூ, மேஸ்திரி, ஓவர்டைம் என்று எழுதுகிறாள். பாய் வீட்டு உருதுவும் சேரித் தமிழும் கலந்த பேச்சை எழுதுகிறாள். எடிட்டர் அகராதியைத் திறக்கிறார். "இந்தச் சொல் இல்லையே." பஃபிங் "மெருகேற்றல்" ஆகிறது. அல்லது அடிக்குறிப்பு கேட்கிறார்கள், கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் கேட்கிறார்கள்.

நான் கேட்கிறேன். மடி, ஆசாரம், அத்திம்பேர், பத்து என்று பக்கத்துக்குப் பக்கம் வரும் கதைகளை நாம் படித்து வளரவில்லையா? ஒரு கதைக்காவது அடிக்குறிப்பு இருந்ததா? அந்த வீட்டுச் சமையலறைக்குள் நம்மில் யாரும் கால் வைத்ததில்லை. ஆனாலும் அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்வது வாசகன் கடமை என்று நம் தலையில் எழுதியிருந்தது. நம் சொல் வரும்போது மட்டும் கடமை எழுத்தாளர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அக்ரகாரத்துச் சொல் பொதுத்தமிழ், சேரிச் சொல் வட்டார வழக்கு. இந்தப் பாகுபாட்டை எந்த அகராதியும் வெளிப்படையாக எழுதவில்லை. எடிட்டரின் சிவப்பு மை எழுதுகிறது. 1992இல் பாமாவின் "கருக்கு" பேச்சுமொழியிலேயே வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பாடமாக வைக்கிறவர்களே மாணவியின் கதையில் அதே மொழியைத் திருத்துகிறார்கள்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். "அகராதி இருக்கிற வழக்கைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் ஏன் கோபம்?" சரி. யாருடைய வழக்கு? தோற்கருவியின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு மக்களின் பெயர், ஆங்கில அகராதிகளில் "ஒதுக்கப்பட்டவன்" என்ற பொருளில் பொதுச்சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. உலகம் முழுக்க எழுத்தாளர்கள் அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். அகராதியில் இருக்கிறது என்பதே அவர்களுக்கு அனுமதி. எதிர்ப்பக்கம் பாருங்கள். நாமே நமக்கு வைத்துக்கொண்ட "தலித்" என்ற சொல்லை ஊடகங்கள் தவிர்க்கட்டும் என்று 2018இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை அனுப்பியது. நம்மை இழிக்கும் சொல்லுக்கு அகராதியில் பட்டா, நாம் உண்டாக்கிய சொல்லுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ். "காலனி" என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அப்படியானால் சொல் என்பது அரசியல்தான் என்று அரசுக்கே தெரிகிறது. இலக்கியக்காரர்களுக்கு மட்டும் தெரியாதா?

இன்னொரு பதில், நம் தோழர்கள் பக்கமிருந்து வரும். "எதிரியின் புத்தகத்தை ஏன் தொட வேண்டும்? தூக்கிப் போடுவோம்." இதையும் நான் ஏற்கவில்லை. அம்பேத்கர் மனுவைக் கொளுத்தவும் செய்தார், வரிவரியாகப் படிக்கவும் செய்தார். அயோத்திதாசர் நிகண்டுகளையும் பழைய நூல்களையும் எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, வேஷ பிராமணன் யார், யதார்த்த பிராமணன் யார் என்று கேள்வியைத் திருப்பிப் போட்டார். 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" தொடங்கிய அந்த மனிதர் செய்ததில் பாதி வேலை அகராதி வேலைதான். எதிரியின் ஆவணத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எரிக்க வேண்டியதை எரிப்பதற்கும் முதலில் படித்திருக்க வேண்டும்.

அதனால் அந்தப் பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

லெக்சிகனைக் காலம் தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். 1930களுக்கு முன் கதை நடந்தால் அது நல்ல துணை. இன்றைய பேச்சுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேல். இரண்டிலும் ஒரு சொல் இல்லையென்றால், சொல் தவறு என்று அர்த்தமில்லை, அகராதி அங்கே போகவில்லை என்று அர்த்தம். எடிட்டரிடம் இதையே சொல்லுங்கள்.

வட்டார அகராதிகளைப் பாருங்கள். கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் செய்தார், பெருமாள்முருகன் கொங்குக்குச் செய்தார், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்குச் செய்தார். மூவரும் கதைக்காரர்கள். பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்காமல் காதால் கேட்டுத் தொகுத்தார்கள். மூன்றும் பெரும்பாலும் உழவு மண்ணின் சொற்கள். ஆலைச் சொற்களுக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

தர்ஸ்டனை எடுத்தால் ஒரு விதி வையுங்கள். அவர் சொன்ன எதையும் அந்த மக்களிடம் கேட்டுச் சரிபார்க்காமல் கதையில் வைக்கக் கூடாது.

காலத்தையும் இடத்தையும் ஆவணத்தில் பாருங்கள். 1992இல் நடக்கும் கதையில் "வேலூர் மாவட்டம்" என்று எழுதாதீர்கள். 1989 முதல் சில ஆண்டுகள் இது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். பேருந்திலும் அரசு முத்திரையிலும் அந்தப் பெயர் இருந்தது, பிறகு எடுக்கப்பட்டது. ஒரு பாத்திரம் அந்தப் பெயரை உச்சரித்தாலே அது வரலாறு. 2019க்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். அதேபோல 1950இல் நடக்கும் கதையில் வெட் புளூ நீலத்தைக் கொட்டிவிடாதீர்கள். அப்போது இங்கே பெரும்பாலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். 1970களில் ஒன்றிய அரசு பாதி பதப்பட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகுதான் குரோமும் ஷூ கம்பெனியும் இந்தப் பட்டையின் முகத்தை மாற்றின. நாற்றமே வேறு, புண்ணே வேறு, வேலைக்கு வந்த ஆட்களே வேறு. பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தது ஷூ கம்பெனிக் காலத்தில்தான்.

நிலத்தைப் பற்றி எழுதினால் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் அ-பதிவேடு பார்க்கலாம். 1892இல் பஞ்சமருக்கு ஒதுக்கிய நிலம் இன்று யார் பெயரில் நிற்கிறது என்ற ஒரு தேடலில் ஒரு நாவல் இருக்கிறது.

முன்னோடிகளைப் படியுங்கள். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய "தோல்" நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் எழுதிக்கொண்டிருக்கிறார். ஜெ. பாலசுப்பிரமணியத்தின் "சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை" நூலில் 1869 முதல் 1943 வரையான தலித் இதழ்களின் வரலாறு இருக்கிறது. "தலித்துகள் அப்போது எழுதவே இல்லையே" என்று சொல்லும் எடிட்டருக்கு அதைப் பரிசாகக் கொடுங்கள். கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமான பாரி தளத்தில் உழைப்பாளிகளின் சொந்தக் குரலில் கட்டுரைகள் தமிழிலேயே உள்ளன.

இதெல்லாம் இருப்பதைப் பயன்படுத்தும் வழி. இல்லாததை உண்டாக்குவது அடுத்த வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களே, இது உங்களுக்கு. உங்கள் அப்பாவும் அம்மாவும் மாமாவும் நடமாடும் அகராதிகள். அவர்களில் பலருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நேரம் அதிகமில்லை.

வேலையின் வரிசைப்படி கேளுங்கள். ஊறப்போடுவது, சுண்ணாம்பு, மயிர் வாங்குவது, சதை வாங்குவது, டிரம், காயப்போடுவது, பஃபிங், ஸ்ப்ரே, கட்டிங், தையல். ஒவ்வொரு இடத்திலும் கருவிக்கு என்ன பெயர், மேஸ்திரி எப்படிக் கூப்பிடுவார், எந்த வேலைக்கு உடம்பில் எந்த இடம் வலிக்கும், அந்த வலிக்கு என்ன பெயர், கூலி பிடித்தால் அதற்கு என்ன சொல், கேலிக்கு என்ன சொல். சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்று குறியுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். சொன்னவரின் பெயரைப் போட அவர் சம்மதம் கேளுங்கள். வேலை போகும் என்று பயந்தால் பெயரை மறைத்து விடுங்கள்.

விக்கிப்பீடியாவில் நேரே கொண்டு போய்ப் போட்டால் மேற்கோள் எங்கே என்று கேட்டு நீக்குவார்கள். வாய்மொழிக்கு அங்கே மதிப்புக் குறைவு. ஆகவே முதலில் ஒரு சிறு புத்தகமாக அச்சிடுங்கள். ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம். புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றுங்கள். பிறகு அதையே மேற்கோளாகக் காட்டி விக்சனரியில் ஒவ்வொரு சொல்லாகச் சேருங்கள். அப்போது "இந்தச் சொல் அகராதியில் இல்லையே" என்று சொல்லும் எடிட்டருக்குப் பக்க எண்ணோடு பதில் தரலாம்.

ஒரு எச்சரிக்கை. நாளைக்கு நம் சொற்பட்டியலை எடுத்து வேறு யாராவது நாவல் எழுதி விருது வாங்கலாம். வாங்கட்டும், எழுதுவது எல்லோருக்கும் உரிமை. ஆனால் பச்சைத் தோல் மலிவாகப் போய், ஷூவாக விலை ஏறித் திரும்பி வந்த கதையை நம் ஊர் நூறு வருஷமாகப் பார்த்திருக்கிறது. பச்சையாக அனுப்பாதே, இங்கேயே முழுசாகச் செய்து அனுப்பு என்று அரசாங்கமே ஒரு நாள் முடிவெடுத்தது. சொல்லுக்கும் அதே விதிதான். தொகுப்பதோடு நிறுத்தாதீர்கள். கதையையும் நீங்களே எழுதுங்கள், எடிட்டர் நாற்காலியிலும் நீங்களே உட்காருங்கள். அடுத்த முறை அந்தப் பயனுள்ள தளங்களின் பட்டியல் குழுவில் வரும்போது, அதில் ஆம்பூரில் செய்த ஒன்றும் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.